எட்டுச் செக்கனும் ஏழு மஞ்சள் சட்டையும்

சைக்கிளோட்ட வீரர் சிறில் கிமார் அணி முகாமையாளரான வரலாறு

சிறில் கிமார் 1947 ஜனவரி 20 அன்று பிரான்ஸின் மேற்கில், லுவார் ஆறு கடலோடு கலக்கும் பக்கத்திலுள்ள நாந்த் நகரையொட்டிய பூகெனே என்ற ஊரில் பிறந்தார். 1968 முதல் 1976 வரை தொழில்முறை வீதிச் சைக்கிளோட்ட வீரராக இருந்தார். 29 வயதில் சைக்கிளிலிருந்து இறங்கி, அதே ஆண்டில் அணியின் காரில் ஏறினார். வீரராக அவர் டூர் டி பிரான்ஸ் போட்டியை ஒருமுறைகூட வென்றதில்லை. முகாமையாளராக மூன்று வீரர்களை வைத்து ஏழு முறை வென்றார்.

அந்த ஏழும் முழுக் கணக்கல்ல. 1976 முதல் 1990 வரை நடந்த பதினைந்து டூர்களில் பதினொன்றை வென்றவர்கள் கிமாரின் கீழ் ஓடியவர்கள், அல்லது அவரிடம் தொழில் பழகிப் பின்னர் வேறு அணிக்குப் போனவர்கள். 1977, 1980, 1987, 1988 ஆகிய நான்கு ஆண்டுகளே அவரோடு தொடர்பில்லாதவை. வீரராக இருந்து முகாமையாளரானவர்கள் இந்த விளையாட்டில் நிறையப் பேர் உள்ளனர். ஆனால் ஒரு காலத்தையே தன் கைக்குள் வைத்திருந்தவர் என்று சொல்லத்தக்கவர்களில் கிமாருக்கு முதல் வரிசையில் இடமுண்டு.

காற்றின் கணக்கு

வீதிச் சைக்கிளோட்டத்தில் பரிசு தனி ஆளுக்கு. ஓட்டமோ அணியாக. ஏன் இப்படி என்பதைச் சோளகம் வீசும் காலத்தில் பண்ணைப் பாலத்தால் தீவுப்பகுதிக்குச் சைக்கிள் உழக்கியவருக்கு விளக்கத் தேவையில்லை. எதிர்க்காற்றில் முன்னே போகிறவர் மூச்சு வாங்க, அவரது பின்சில்லோடு ஒட்டி வருகிறவர் கதை பேசிக்கொண்டு வருவார். பந்தய வேகத்தில் ஓடும் வீரரின் பலத்தில் பெரும்பகுதியைக் காற்றே தின்கிறது. இன்னொருவரின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கி ஓடினால் அந்தச் செலவில் மூன்றில் ஒரு பங்குவரை மிச்சமாகும்.

இந்த மிச்சத்தை யாருக்கு எப்போது கொடுப்பது என்பதுதான் சைக்கிளோட்டத் தந்திரத்தின் அடிப்படை. அணித் தலைவர் நாள் முழுவதும் காற்றுப்படாமல் ஓட, துணைவீரர்கள் முறை வைத்து முன்னே போய்க் காற்றை வாங்குவார்கள். தண்ணீர்ப் போத்தலை அணிக் காரிலிருந்து எடுத்துவந்து கொடுப்பதும், தலைவரின் சில்லில் காற்றுப் போனால் தமது சில்லைக் கழற்றிக் கொடுப்பதும் அவர்களது வேலை. பிரெஞ்சில் இவர்களுக்கு வழங்கும் பெயரின் பொருள் வீட்டு வேலையாள் என்பதே. காற்று பக்கவாட்டில் அடித்தால் வீரர்கள் வீதியின் அகலத்துக்குச் சரிவான வரிசையில் விசிறிபோல் விரிவார்கள். வரிசைக்குள் இடம் பிடிக்காதவர் வீதியோரத்தில் தனியே காற்றை வாங்கிப் பின்தங்குவார். ஆனையிறவிலும் பொன்னாலைப் பாலத்திலும் இருபுறமும் வெளியாக இருக்கும் வீதி இத்தகைய ஓட்டத்துக்கு ஏற்றது. மலையே இல்லாத ஒல்லாந்தும் பெல்ஜியத்தின் கரையோரமும் உலகத்தரமான வீரர்களை உருவாக்கியது இந்தக் காற்றை வைத்துத்தான்.

1903இல் ஒரு பத்திரிகையின் விற்பனையைக் கூட்டுவதற்காகத் தொடங்கிய டூர் டி பிரான்ஸ் இன்று மூன்று வாரங்களில் 21 கட்டங்களாக நடக்கிறது. ஒரு நாள் ஓட்டம் 200 கிலோமீற்றரையும் தொடும். யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்கு மூன்று முறை போய்த் திரும்பும் தூரம் அது. எல்லாக் கட்டங்களினதும் நேரத்தைக் கூட்டிப் பார்க்கையில் குறைந்த நேரம் எடுத்தவர் மஞ்சள் சட்டை அணிவார். 1919இல் அந்தச் சட்டை அறிமுகமானபோது மஞ்சளைத் தெரிவுசெய்ததற்குக் காரணம், போட்டியை நடத்திய பத்திரிகை மஞ்சள் தாளில் அச்சானது. கட்ட முடிவுகளில் அடிக்கடி முன்னுக்கு வந்து அதிக புள்ளி சேர்த்தவருக்குப் பச்சைச் சட்டை.

போட்டியின் பின்னால் ஒவ்வோர் அணியின் காரும் வரும். உள்ளே திருத்துநர், கூரையில் மாற்றுச் சைக்கிள்கள், ஓட்டுநர் ஆசனத்தில் முகாமையாளர். இன்று வீரர்களின் காதில் வானொலிக் கருவி இருக்கிறது. அது 1990களில் வந்தது. கிமாரின் காலத்தில் சொல்ல வேண்டியதைச் சொல்ல, வீரர் பின்வாங்கிக் காருக்கு வரவேண்டும். இல்லையென்றால் கார் வீரரிடம் போகவேண்டும். இடையில் போகும் நிமிடங்களையும் கணக்கில் எடுத்து, அடுத்து என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே ஊகிப்பவரே நல்ல முகாமையாளர்.

ஓட்டக்காரர்

கிமார் 1968இல் மெர்சியே அணியில் சேர்ந்தார். அந்த அணியின் நெறியாளர் அன்தொனன் மான்யே, 1931இலும் 1934இலும் டூரை வென்றவர். அணியின் பெரிய பெயர் ரேமொன் புலிடோர், பிரான்ஸ் மக்களின் செல்லப்பிள்ளை. ஆனால் டூரில் மஞ்சள் சட்டையை ஒரு நாள்கூட அணியாதவர். வென்றவர் காரில் இருக்க, வெல்லாதவர் கூட்டத்தின் அன்பைப் பெறும் அணியில் கிமார் தொழில் தொடங்கினார்.

அவர் அடிப்படையில் விரைவோட்டக்காரர். கடைசி இருநூறு மீற்றரில் சீறிப் பாய்வதே அவரது பலம். 1970இல் ஓடுதளத்தில் குறுந்தூர விரைவோட்டத்தில் பிரான்ஸ் சம்பியனானார். 1976இல் சேற்றிலும் வயலிலும் ஓடும் குறுக்குநாட்டுச் சைக்கிளோட்டத்திலும் தேசியப் பட்டம் பெற்றார். 1971இலும் 1972இலும் உலக வீதிச் சம்பியன் போட்டியில் மூன்றாமிடம் அவருடையது. டூரில் மொத்தம் ஏழு கட்டங்களை வென்றார்.

அவரது பெயரை நிலைக்கச் செய்தது 1972ஆம் ஆண்டு டூர். பெல்ஜியத்தின் எடி மேர்க்ஸ் யாரையும் விட்டுவைக்காத காலம் அது. முதற்கட்டத்தை வென்று மஞ்சள் சட்டையை எடுத்த கிமார், இடையில் அதை இழந்து, நான்காம் கட்டத்தை வென்று திரும்பப் பெற்றார். பிரனீஸ் மலைகளில் மேர்க்ஸ் அதைப் பறித்தார். விரைவோட்டக்காரர் மலையில் கரைந்துவிடுவார் என்பதே வழமையான கணக்கு. ஆனால் கிமார் அல்ப்ஸ் மலைகளிலும் மேர்க்ஸின் பின்சில்லை விடவில்லை. ரெவார் மலை உச்சியில் முடிந்த 15ஆம் கட்டத்தில் மேர்க்ஸ் வென்றுவிட்டதாக எண்ணிக் கையை உயர்த்த, அந்த ஒரு கணத்தில் கிமார் பக்கத்தால் வந்து முன்சில்லைக் கோட்டுக்கு மேல் தள்ளினார். கட்டம் அவருக்குப் போனது. அந்த ஆண்டில் அவர் வென்ற நான்காவது கட்டம் அது.

அதற்குள் முழங்கால்கள் கெட்டுவிட்டன. நடப்பதே சிரமமாக இருந்தது. பாரிஸுக்கு இரண்டு நாட்களே இருந்தபோது, மொத்த நேரத்தில் இரண்டாமிடத்திலும் உடலில் பச்சைச் சட்டையுமாக இருந்த நிலையில், அவர் போட்டியை விட்டு விலகினார். பாரிஸில் பச்சைச் சட்டை மேர்க்ஸுக்குக் கிடைத்தது. மேர்க்ஸ் அதைக் கிமாரிடமே கொடுத்தார்.

அதன் பின்னும் நான்கு ஆண்டுகள் ஓடினார். 1973இலும் 1974இலும் டூரில் ஒவ்வொரு கட்டம் வென்றார். ஆனால் மேர்க்ஸோடு மூன்று வாரம் மல்லுக்கட்டும் உடல் திரும்ப வரவில்லை. டூரில் பலம் குறைந்து தோற்பவர்களைவிட இருக்கும் பலத்தைக் கணக்கில்லாமல் செலவழித்துத் தோற்பவர்களே அதிகம் என்பதை அவர் தன் முழங்காலில் படித்தார். பின்னாளில் அவர் முகாமையாளராகச் செய்தவற்றில் பாதிக்கு இதுவே அடிப்படை. மீதிப் பாதியில் அதே முழங்கால் வேறு ஆட்களின் உடலில் அவரைத் தேடி வந்தது.

சைக்கிளிலிருந்து காருக்கு

1976இல் ஜித்தான் சைக்கிள் நிறுவனத்தின் அணி கிமாரை முகாமையாளராக்கியது. அவருக்கு முன் அந்த இடத்தில் இருந்தவர் 1962இன் உலகச் சம்பியன் ஜோன் ஸ்டப்லின்ஸ்கி. முந்திய ஆண்டு வரை கூட்டத்துக்குள் தோளோடு தோள் உரசி ஓடியவர்களை இப்போது காரிலிருந்து கிமார் ஏவவேண்டியிருந்தது. அணியின் தலைவர் லூசியன் வான் இம்பே, பெல்ஜியத்துச் சின்ன உடல்வாகு மலையேறி, கிமாரைவிட வயதில் மூத்தவர்.

வான் இம்பேயின் ஆசை மலையேற்றப் பட்டத்தோடு நின்றுவிடும். அதை அவர் முன்பே மூன்று முறை பெற்றிருந்தார். முழு டூரையும் வெல்லலாம் என்று அவரை நம்பவைப்பதே கிமாரின் முதல் வேலையாக இருந்தது. அந்த நம்பிக்கை சோதனைக்கு வந்தது பிரனீஸில், சென் லரி சூலான் மலையில் முடிந்த 14ஆம் கட்டத்தில். மஞ்சள் சட்டை அப்போது பிரான்ஸின் ரேமொன் டெலிலிடம் இருந்தது. உண்மையான எதிரியோ ஒல்லாந்தின் யோப் சூட்டெமெல்க். கடைசி மலைக்கு இன்னும் நெடுந்தூரம் இருக்கும்போதே தாக்கிப் போகும்படி கிமார் துணைவீரர் மூலம் சொல்லி அனுப்பினார். வான் இம்பே தயங்கினார். கிமார் காரைக் கூட்டத்தினூடே ஓட்டிச் சென்று, இப்போது தாக்காவிட்டால் வீதியை விட்டே தள்ளிவிடுவேன் என்று மிரட்டியதாகச் சைக்கிளோட்ட உலகில் இன்றும் கதை உண்டு.

வான் இம்பே போனார். முன்னே ஓடிக்கொண்டிருந்த ஸ்பெயினின் லூயிஸ் ஒக்கான்யாவை எட்டிப் பிடித்தார். சூட்டெமெல்கோடு பழைய கணக்கு வைத்திருந்த ஒக்கான்யா, பள்ளத்தாக்கின் நீண்ட சமவெளியில் வான் இம்பேக்காகக் காற்றை வாங்கினார். சூட்டெமெல்க் அன்று மூன்று நிமிடத்துக்கு மேல் இழந்தார். பாரிஸில் வான் இம்பே நான்கு நிமிடம் பதினான்கு செக்கன் முன்னால் இருந்தார். முகாமையாளரின் முதல் டூரே வெற்றி. ஆனால் இருவருக்கும் ஒத்துவரவில்லை. அந்த ஆண்டோடு வான் இம்பே வேறு அணிக்குப் போய்விட்டார். அவரது வாழ்நாளில் அதுவே ஒரே டூர் வெற்றி.

பொத்திவைத்த வீரர்

அணியில் பிரித்தானிப் பகுதியின் யிவினியாக் ஊரைச் சேர்ந்த பேர்னார் இனோ இருந்தார். 1954இல் பிறந்தவர், பிடிவாதமும் கோபமும் நிறைந்த இளைஞர். 1977 வசந்தகாலத்தில் லியேஜ்–பஸ்தோன்–லியேஜ் போட்டியையும் ஜூனில் தோபினே போட்டியையும் வென்றார். தோபினேயில் மலை இறக்கத்தில் பள்ளத்துக்குள் விழுந்து, மேலே ஏறி, வேறு சைக்கிளில் ஓடி வென்றது தொலைக்காட்சியில் தெரிந்தது. அடுத்த மாதம் டூர். பத்திரிகைகள் இனோவின் பெயரை எழுதத் தொடங்கியிருந்தன.

கிமார் அவரை அந்த ஆண்டு டூருக்குக் கொண்டுபோகவில்லை. 22 வயது உடலுக்கு மூன்று வாரம் அதிகம் என்பது அவரது கணக்கு. ஓராண்டு பொத்திவைத்து, 1978இல் முதலில் ஸ்பெயினின் வுவெல்டா போட்டிக்குக் கொண்டுபோனார், இனோ வென்றார். பிறகு டூர், அதையும் முதல் முயற்சியிலேயே வென்றார். 1979, 1981, 1982 ஆகிய ஆண்டுகளிலும் மஞ்சள் சட்டை இனோவுக்கே. இத்தாலியின் ஜிரோ போட்டியையும் 1980இலும் 1982இலும் எடுத்தார்.

இடையே 1980 தவறியதற்குக் காரணம் முழங்கால். மழையிலும் கல் பாவிய வீதிகளிலும் தொடங்கிய அந்த டூரில் இனோவுக்கு முழங்கால் தசைநாண் வீங்கியது. மஞ்சள் சட்டை அவரிடம் இருக்கும்போதே, போ நகரில் ஓர் இரவில் போட்டியை விட்டு விலகினார். எட்டு ஆண்டுகளுக்கு முன் கிமார் ஓட்டத்தைத் தொடர்ந்து முழங்காலைத் தீர்த்துக்கொண்டார்; இந்த முறை வீரர் வேளைக்கே இறங்கினார். இரண்டு மாதத்துக்குள் சலான்ஷில் நடந்த உலகச் சம்பியன் போட்டியை அதே முழங்கால் வென்று கொடுத்தது.

ரெனோ என்ற பள்ளிக்கூடம்

ஜித்தான் நிறுவனம் ரெனோ கார் நிறுவனத்தின் கைக்குப் போனதால் 1978 முதல் அணி ரெனோ–ஜித்தான் ஆனது. ரெனோ அப்போது பிரெஞ்சு அரசுக்குச் சொந்தமானது. அதன் பொறியியல் வசதிகளைக் கிமார் தயங்காமல் பயன்படுத்தினார். வீரர்கள் அமரும் நிலையையும் சைக்கிளின் வடிவத்தையும் காற்றுச் சுரங்கத்தில் சோதித்தார்கள். தனிநேர ஓட்டத்துக்கு, அதாவது வீரர்கள் ஒருவர் பின் ஒருவராக இடைவெளிவிட்டுப் புறப்பட்டு நேரத்தோடு மோதும் ஓட்டத்துக்கு, வட்டக் குழாய்களுக்குப் பதிலாகக் காற்றுக்கு இசைந்த வடிவிலான குழாய்களைக் கொண்ட சைக்கிள்கள் வந்தன. அனுபவத்தையும் கைப்பக்குவத்தையும் நம்பியிருந்த தொழிலில் அளந்து பார்க்கும் பழக்கத்தை நுழைத்தவர்களில் கிமார் முக்கியமானவர்.

ஆட்களைத் தேர்வதிலும் அப்படித்தான். பெரிய சம்பளம் கொடுத்துப் பேர்போனவர்களை வாங்குவதைவிட, கழகப் போட்டிகளில் ஓடும் பையன்களைப் பார்த்துப் பொறுக்கி எடுத்தார். கிரெக் லெமொன்ட் என்ற அமெரிக்க இளைஞரை ஒப்பந்தம் செய்வதற்காக இனோவையும் கூட்டிக்கொண்டு நெவாடாவுக்குப் போனார். ஐரோப்பிய வீதிப் போட்டிகளில் அமெரிக்கர்களைக் காண்பது அரிதாயிருந்த காலம் அது. 1981இல் ரெனோவில் தொழில் தொடங்கிய லெமொன்ட், 1983இல் உலகச் சம்பியனானார். மார்க் மடியோ, ஜோன் ரெனே பேர்னோடோ, பாரிஸ் நகரத்து லோரன் ஃபின்யோன் எல்லோரும் இந்த வகுப்பில் இருந்தவர்கள்.

1983இல் இனோ வுவெல்டாவை இரண்டாம் முறை வென்றார். ஆனால் முழங்கால் மறுபடி கெட்டது. டூருக்கு வரமுடியவில்லை. தலைவர் இல்லாமல் புறப்பட்ட ரெனோ அணியில் 22 வயது ஃபின்யோனுக்கு அதுவே முதல் டூர். மஞ்சள் சட்டையில் இருந்த பஸ்கால் சிமோன் தோள்பட்டை எலும்பு முறிந்தும் பல நாள் தாக்குப்பிடித்து, அல்ப் துவேஸ் மலைக்குப் போகும் வழியில் விலகினார். சட்டை ஃபின்யோனுக்கு வந்தது. பாரிஸ்வரை அவரிடமே நின்றது. தலைவரின் முழங்கால் புதிய தலைவரை உண்டாக்கிவிட்டது.

ஓர் உறையில் இரண்டு வாள் நிற்கவில்லை. இனோவுக்கும் கிமாருக்குமிடையே முன்பே புகைந்துகொண்டிருந்தது. நானா அவரா என்று இனோ நிறுவனத்திடம் கேட்க, ரெனோ முகாமையாளரை வைத்துக்கொண்டது. நான்கு டூர் வென்ற வீரரைவிட அவரை வழிநடத்தியவரே அணிக்கு வேண்டும் என்று ஒரு நிறுவனம் முடிவெடுத்தது அரிய நிகழ்ச்சி. இனோ லா வீ கிளேர் என்ற புதிய அணிக்குப் போனார்.

1984 டூர் அந்த முடிவுக்குப் பதில் சொன்னது. ஃபின்யோன் ஐந்து கட்டங்களை வென்று மஞ்சள் சட்டையோடு பாரிஸுக்கு வந்தார். இரண்டாமிடம் பெற்ற இனோ பத்து நிமிடம் முப்பத்திரண்டு செக்கன் பின்னால். மூன்றாமிடம் லெமொன்ட். மேடையில் நின்ற மூவரும் கிமாரிடம் தொழில் பழகியவர்கள். ஒரு முகாமையாளரின் உச்சம் இது.

அணி யாருக்குச் சொந்தம்?

சைக்கிளோட்டத்தில் நுழைவுச்சீட்டு இல்லை. வீதியோரத்தில் நின்று பார்க்க யாரும் காசு கொடுப்பதில்லை. உதைபந்தாட்டக் கழகத்துக்கு மைதானம் உண்டு, வாசற் பணம் உண்டு; சைக்கிளோட்ட அணிக்கு இரண்டும் இல்லை. சட்டையில் பெயர் போட்டுக்கொள்ளும் அனுசரணையாளரின் பணம் மட்டுமே வருமானம். அனுசரணையாளர் விலகினால் வீரர், திருத்துநர், உடல் பிடித்துவிடுபவர் எல்லோருக்கும் அன்றோடு வேலை போகும்.

நட்டத்தில் விழுந்த ரெனோ 1985 முடிவில் அணியைக் கலைத்தது. அந்த ஆண்டு ஃபின்யோன் குதிநாண் சத்திரசிகிச்சையால் டூருக்கு வரவில்லை. இனோ புதிய அணியில் ஐந்தாவது டூரை வென்றார். அடுத்த ஆண்டு லெமொன்ட் அதே புதிய அணியில் முதல் டூரை வென்றார். கிமாரும் ஃபின்யோனும் சேர்ந்து தமக்குச் சொந்தமான நிறுவனமொன்றை அமைத்தார்கள். அணி அந்த நிறுவனத்துக்குச் சொந்தம். அனுசரணையாளருக்குச் சட்டையிலுள்ள இடம் மட்டுமே விற்கப்படும். 1986 முதல் ஸிஸ்டெம் யூ என்ற பல்பொருள் அங்காடிக் கூட்டமைப்பு அந்த இடத்தை வாங்கியது. பின்னர் 1990 முதல் 1995 வரை கஸ்டோரமா என்ற வீட்டுப் பொருள் விற்பனை நிறுவனம் வாங்கியது. பெயர் மாறினாலும் அணி கலையாமல் தொடரும் இந்த முறை இன்று பெரும்பாலான அணிகளின் வழமை.

எட்டுச் செக்கன்

1989 டூர் 3,285 கிலோமீற்றர். ஏ9 வீதியில் கண்டிக்கும் யாழ்ப்பாணத்துக்குமிடையே பத்து முறை ஓடுவதற்கும் சற்றுக் கூடுதலான தூரம். காயங்களால் சில ஆண்டுகளை இழந்த ஃபின்யோன் அந்த ஆண்டு ஜிரோவை வென்றுவிட்டு வந்திருந்தார். எதிரே லெமொன்ட். 1987இல் வேட்டையின்போது தவறுதலாகச் சுடப்பட்டு உயிர் தப்பியவர். பெல்ஜியத்தின் சாதாரண அணியொன்றில் ஓடிக்கொண்டிருந்தார். மஞ்சள் சட்டை இருவருக்குமிடையே மாறிமாறிக் கைமாறியது.

கடைசி நாள் ஜூலை 23. வெர்சாயிலிருந்து பாரிஸின் ஷான்ஸ் எலிசே வீதிக்கு 24.5 கிலோமீற்றர் தனிநேர ஓட்டம். ஃபின்யோன் 50 செக்கன் முன்னணியில் இருந்தார். லெமொன்டின் கைபிடியில் முன்னோக்கி நீளும் தண்டுகள் பொருத்தப்பட்டிருந்தன. முழங்கைகளை ஒடுக்கி, தலையைத் தாழ்த்தி, காற்றுக்கு உடலை ஊசிபோல் ஆக்கும் அமைப்பு அது. தலையில் நீண்ட வாலுள்ள கவசம். ஃபின்யோனோ வழமையான கொம்புக் கைபிடியோடும், பின்னால் கட்டிய தலைமயிர் காற்றில் ஆடவும் ஓடினார். அமரமுடியாதபடி புண்ணும் இருந்தது. லெமொன்ட் மணிக்கு 54.5 கிலோமீற்றர் வேகத்தில் 26 நிமிடம் 57 செக்கனில் முடித்தார். ஃபின்யோனுக்கு 58 செக்கன் கூடுதலாகத் தேவைப்பட்டது.

மூன்று வாரத்தின் பின் இடைவெளி எட்டுச் செக்கன். அந்த வேகத்தில் ஏறத்தாழ 120 மீற்றர். உதைபந்தாட்ட மைதானமொன்றின் நீளத்தைவிடச் சற்றே அதிகம். டூர் வரலாற்றில் மிகச் சிறிய வித்தியாசம் இன்றுவரை அதுதான். காற்றுச் சுரங்கத்தில் சைக்கிளைச் சோதித்த முகாமையாளரின் வீரர், தனிநேர ஓட்டத்தில், காற்றினால் தோற்றார். அவரைத் தோற்கடித்தவரும் அந்த முகாமையாளரே நெவாடாவரை தேடிப்போய்க் கண்டெடுத்தவர். கிமாருக்கு அதன் பின் எட்டாவது டூர் வாய்க்கவில்லை.

ஃபின்யோனுடனான கூட்டும் முறிந்தது. 1992இல் ஃபின்யோன் இத்தாலிய அணியொன்றுக்குப் போனார். கஸ்டோரமா சட்டையில் தனிச்சிறப்பான வெற்றிகள் வந்தன. 1991 டூரில் தியரி மாரி 234 கிலோமீற்றர் தனியே ஓடி லு ஆவ்ர் நகரில் கட்டத்தை வென்றார். 1992இல் ஜக்கி துரான் பிளாண்டர்ஸ் போட்டியை வென்றார். 1997இல் களமிறங்கிய கோஃபிடிஸ் அணியின் தொடக்கத்திலும் கிமாரின் கை இருந்தது. பிறகு பெரிய அணிகளிலிருந்து விலகிச் சிறிய அணிகளில் இளைஞர்களைப் பழக்கினார். ஃபின்யோன் 2010இல் புற்றுநோயால் 50 வயதில் காலமானார்.

மாணவர்கள்

குடாநாட்டுக் கிராமங்களில் புத்தாண்டுக்கும் கழக ஆண்டு விழாவுக்கும் நடக்கும் சைக்கிளோட்டப் போட்டிகளில், முன்னொரு காலத்தில் ஓடியவர் மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்து பையன்களுக்குச் சத்தம் போடுவதைக் காணலாம். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் எரிபொருள் இல்லாமல் ஊர் முழுவதும் சைக்கிளில் இயங்கி, டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட மண் இது. உழக்கத் தெரிந்தவர்களுக்கு இங்கே குறைவில்லை. அந்த அறிவை அடுத்த ஆளுக்குக் கைமாற்றும் முறையே ஐரோப்பாவில் தொழிலாக வளர்ந்தது. கிமாரிடமிருந்து அது எப்படிக் கைமாறியது என்பதற்கு அவரது மாணவர்களே சான்று.

மார்க் மடியோ 1985இல் ரெனோ சட்டையில் பாரிஸ்–ரூபே போட்டியை வென்றவர். 1991இல் மறுபடியும் வென்றார். 1997இல் பிரெஞ்சு லொத்தர் நிறுவனத்தின் அனுசரணையில் அணி தொடங்கினார். கார் யன்னலால் பாதி உடலை வெளியே நீட்டித் திபோ பினோ என்ற வீரருக்குத் தொண்டை கிழியக் கத்திய 2012ஆம் ஆண்டுக் காட்சி பிரான்ஸில் எல்லோருக்கும் தெரியும். 2019இல் வெற்றிக்கு மிக அருகில் இருந்த பினோ, பாரிஸுக்கு இரண்டு நாள் இருக்கையில் தொடைத்தசை கிழிந்து அழுதபடி விலகினார். 1972இல் கிமாருக்கு நேர்ந்தது, அவரது மாணவரின் காரிலிருந்து பார்க்கும்படி மறுபடி நேர்ந்தது.

டென்மார்க்கின் பியார்ன ரீஸ் 1989இல் ஃபின்யோனுக்காகக் காற்று வாங்கிய துணைவீரர். 1996இல் டூரை வென்றார். 2000 முதல் சொந்த அணியை நடத்தி 2008இல் கார்லோஸ் சாஸ்திரே மூலம் முகாமையாளராகவும் டூரை வென்றார். ஆனால் 1996 வெற்றியின்போது தடைசெய்யப்பட்ட ஊக்கமருந்தைப் பயன்படுத்தியதாக 2007இல் அவரே ஒப்புக்கொண்டார். ஃபின்யோனும் தனது காலத்தில் ஊக்கமருந்து பயன்படுத்தியதை 2009இல் வெளியான தன்வரலாற்றில் எழுதினார். இந்தப் பள்ளிக்கூடத்தின் வரலாற்றில் அந்தப் பக்கமும் உண்டு. பலத்தைச் சிக்கனமாகச் செலவிடும் கலை, பலத்தைக் கடன் வாங்கும் மருந்தின் முன்னே ஒரு தலைமுறைக்கு மதிப்பிழந்தது.

ஜோன் ரெனே பேர்னோடோ 1979 டூரில் சிறந்த இளம் வீரருக்கான வெள்ளைச் சட்டையைப் பெற்றவர். மேற்குக் கரையோர வொந்தேயில் 1991இல் இளைஞர் கழகமொன்றைத் தொடங்கினார். 2000இல் அது தொழில்முறை அணியாக வளர்ந்தது. அங்கே வளர்ந்த தோமா வொக்லேர் 2004இலும் 2011இலும் பத்துப் பத்து நாள் மஞ்சள் சட்டையைக் காத்தவர். எதிர்பாராத ஆள் எதிர்பாராத நாளில் தாக்குவது அவரது பாணி.

கிமார் 70 வயதில், 2017இல், பிரான்ஸ் தேசிய வீதி அணியின் தெரிவாளரானார். 2019இல் அந்தப் பொறுப்பு வொக்லேருக்குப் போனது. ரெனோவில் கிமாரிடம் பழகியவர் பேர்னோடோ. பேர்னோடோவிடம் பழகியவர் வொக்லேர். வொக்லேர் தெரிவு செய்த அணியில் ஓடிய ஜூலியன் அலாபிலிப் 2020இலும் 2021இலும் உலகச் சம்பியனானார். கிமார் இருமுறை மூன்றாமிடத்தோடு திரும்பிய அதே போட்டி அது.